கோப்பர்நிக்கஸ் பள்ளம்: சுவருக்கு வெளியேயும் பாருங்கள்

நிலாவில் டைக்கோ, கிளேவியஸ் பள்ளங்களைப் பார்த்தவர்கள் இங்கே எழுதியதையெல்லாம் படித்தேன். என் பங்குக்குக் கோப்பர்நிக்கஸ். 93 கிலோமீட்டர் அகலம், ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர் ஆழம். பௌர்ணமியன்று பார்த்தால் நிழலே இருக்காது, கதிர்க்கோடுகளோடு (பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் ஓடும் வெளிர்க்கோடுகள்) ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். வளர்பிறை தசமியை ஒட்டிப் பாருங்கள், அங்கே பொழுது விடிகிற நேரம் அது.

போன மாதம் மொட்டைமாடியில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தபோது உள்ளே தரை முழுக்க மையிருட்டு, மேற்குச் சுவரின் உள்பக்கத்தில் மட்டும் வெயில் பளீரென்று அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கண்ணை வைத்தால் நிழல் நன்றாகவே இறங்கியிருக்கிறது, சுவர் அடுக்கடுக்காகச் சரிந்து கிடப்பது தனித்தனியாகத் தெரிகிறது. நிலாவில் சூரியன் ஒரு மணி நேரத்துக்கு அரை டிகிரிதான் ஏறும், அதற்கே இவ்வளவு மாற்றம். நடுச்சிகரங்களை மறுநாள்தான் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

ஆனால் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது பள்ளத்துக்கு வெளியே இருக்கிற நிலம்தான். வடகிழக்கே எரடோஸ்தனிஸ் என்ற பள்ளம் தெரியும், இரண்டுக்கும் இடையில் ஸ்டேடியஸ் என்று ஒரு பழைய பள்ளம், எரிமலைக் குழம்பில் மூழ்கிப்போய் விளிம்பு மட்டும் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அதன் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் சங்கிலியாகப் போகின்றன. அவை தனித்தனி விண்கற்கள் விழுந்து வந்தவை இல்லை, கோப்பர்நிக்கஸ் உண்டான மோதலில் தெறித்த பாறைகள் விழுந்து தோண்டியவை. நிலவியல் அறிஞர் யூஜின் ஷூமேக்கர் இந்தப் பகுதியை வரைபடமாக்கி அதை விளக்கினார். அந்த ஒரு மோதல் எவ்வளவு தூரத்தைக் கலைத்துப் போட்டது என்று யோசித்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். தெற்கே கோப்பர்நிக்கஸின் கதிர்க்கோடு ஓடுகிற இடத்தில்தான் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கியது, அங்கிருந்து வந்த மண்ணை வைத்துத்தான் பள்ளத்தின் வயதைச் சுமார் 80 கோடி ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள்.

---

இன்னொருவரின் பதில்: நீங்கள் சொன்ன பள்ளச் சங்கிலியை நேற்றுத் தேடினேன், கிடைத்துவிட்டது! ரொம்ப நன்றி. நான் முதலில் இந்தப் பள்ளத்தைப் பார்த்தது லூனார் ஆர்பிட்டர் 2 விண்கலம் 1966 நவம்பரில் சாய்வாக எடுத்த படத்தில். நடுச்சிகரங்கள் நம் ஊர் மலை மாதிரி எதிரே நிற்கும், தட்டையாகவே பார்த்துப் பழகிய நிலா அன்றைக்கு ஓர் இடமாகத் தெரிந்தது. அப்புறம், தெற்கே கொஞ்சம் இறங்கினால் ஃபாத் என்று ஒட்டிப்பிறந்த இரண்டு சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன, அடுத்த தசமிக்கு அதையும் தேடிப் பாருங்கள்.