ஓய்வு பெற்ற கால்பந்து வீரர்கள், போதை மீட்பு, கிராமப்புற நடை: குழுவை எப்படி அமைப்பது?

கேள்வி: டெர்பிஷயர் நடையர்

வணக்கம். இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் முன்னாள் தொழில்முறை கால்பந்து வீரர்கள் ஆறு பேருக்கு வாரம் ஒருமுறை நடை ஏற்பாடு செய்ய வேண்டும். வயது 45 முதல் 62 வரை. இருவருக்குக் குடி, மூவருக்குப் பெட்டிங், ஒருவருக்கு டிரமடோல் என்ற வலி மாத்திரை. எல்லாரும் ஏதாவது ஒரு விதத்தில் சிகிச்சையில் இருப்பவர்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் முழங்காலோ கணுக்காலோ பழுது.

எத்தனை கிலோமீட்டரில் தொடங்குவது? எந்த நிலையில் இருப்பவரை அழைத்துப் போகக் கூடாது? எந்தக் கிழமை நல்லது? இயற்கையில் நடந்தால் மனசு தேறும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதில் ஆதாரம் எவ்வளவு, ஆசை எவ்வளவு?

பதில் 1: நிதானம்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உயிர் போகிற விஷயம் அங்கேதான் இருக்கிறது.

தினமும் அதிகமாகக் குடிப்பவர், "திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திட்டேன், செவ்வாய்க்கிழமை நடக்க வர்றேன்" என்றால் அழைத்துப் போகாதீர்கள். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வந்தால் அது அவசர நிலை. இந்த நாட்களை மருத்துவக் கண்காணிப்பில்தான் கடக்க வேண்டும். பெரும்பாலும் சில நாட்களுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, கொடுப்பார்கள். அது முடிந்து, சரியாகச் சாப்பிட்டுத் தூங்க ஆரம்பித்த பிறகு நடை. மலைச்சரிவில் வலிப்பு வந்தால் உங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

டிரமடோலையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. அது வலி மருந்து மட்டுமல்ல, மனச்சோர்வு மருந்து போலவும் மூளையில் வேலை செய்கிறது. அதனால் நிறுத்தும்போது உடல்வலி, வயிற்றுப்போக்கோடு கடும் பதற்றமும் சேர்ந்து வரும். அளவு மீறினால் வலிப்பும் வரலாம். கால்பந்தில் இது எவ்வளவு சாதாரணமாகப் புழங்கியது என்பதற்கு, இங்கிலாந்து கோல்கீப்பராக இருந்த கிறிஸ் கிர்க்லாண்ட் வெளிப்படையாகப் பேசியதே போதும். 2024 ஜனவரி 1 முதல்தான் போட்டிகளின்போது அதைப் பயன்படுத்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை போட்டது. உங்கள் குழுவினர் ஆடியது அதற்கு முந்தைய காலம். குழுவில் ஒரு கண்டிப்பான விதி: யாருடைய மாத்திரையும் யார் கைக்கும் மாறக் கூடாது. "எனக்கு டாக்டர் கொடுத்ததுதான், பாதி போட்டுக்கோ" என்பது டிரெஸ்ஸிங் ரூம் பழக்கம். நடைப்பாதையிலும் அது தலைகாட்டும்.

குடித்தவர்களில் பலருக்குப் பாத நரம்பு மரத்திருக்கும். கொப்புளம் வந்தது தெரியாமலே ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடுவார்கள். வலிக்குதா என்று கேட்டால் பயனில்லை, பாதி வழியில் சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்தையும் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆதாரம் பற்றி. 2015-இல் ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்தது. 90 நிமிடம் புல்வெளியில் நடந்தவர்களுக்கு, வாகன நெரிசல் சாலையில் நடந்தவர்களைவிட, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைக்கும் பழக்கம் குறைந்தது. 2019-இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவலை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் செலவிடுபவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இது தொடர்பு மட்டும்தான்; நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போவார்கள் என்பதும் உண்மை. இரண்டும் போதை நோயாளிகளை வைத்துச் செய்தவை அல்ல. போதைக்கு நெருக்கமான ஆதாரம் சிகரெட் விஷயத்தில் இருக்கிறது: சில நிமிட விறுவிறு நடை அந்த நேரத்துத் தவிப்பைக் குறைக்கிறது. தவிப்பு பெரும்பாலும் அலை மாதிரி ஏறி, அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியைக் கடக்க நடை உதவும். சிகிச்சைக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 2: மூட்டு முக்கியம்

தூரத்தை விடுங்கள், முதலில் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். முழங்காலைத் தண்டிப்பது இறக்கம்தான். முதல் நான்கு வாரம் 4 முதல் 5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 100 மீட்டருக்குள். மான்சல் டிரெய்ல் இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். பழைய ரயில் பாதை, சுமார் 13.5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம், சுரங்கங்கள் 2011-இல் திறந்துவிடப்பட்டன. எந்த இடத்திலும் திரும்பி வந்துவிடலாம். ஹாசப் ஸ்டேஷனில் கஃபே இருக்கிறது.

பழைய தலைமுறை வீரர்களுக்கு முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் திண்டு கிழிந்தால் அதை முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அந்தக் கால்கள் ஐம்பது வயதில் எலும்போடு எலும்பு உரசும். கணுக்காலில் வேறு தொல்லை: வருஷக்கணக்கில் பந்தை உதைத்து, மூட்டின் முன்பக்கம் எலும்பு முளை வளர்ந்திருக்கும். பாதத்தை மேல்நோக்கி மடக்க முடியாது. இவர்களுக்குச் செங்குத்து ஏற்றம்தான் எதிரி. ஷூவுக்குள் குதிகாலுக்கடியில் 6 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பட்டை வைத்தால் ஏற்றத்தில் வலி குறையும், ஆனால் இரண்டு காலிலும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறச் சொல்லுங்கள்.

நடைக்கோல் இரண்டு வேண்டும், ஒன்று போதாது. சமதளத்தில் பிடிக்கும்போது முழங்கை செங்கோணமாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைக்கவும், இறக்கத்தில் அதே அளவு கூட்டவும். முதல் நாள் "இது தாத்தாக்களுக்கு" என்று சிரிப்பார்கள். ஒரு இறக்கம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

வேலி தாண்டும் மரப்படிகளை மறந்துவிடாதீர்கள். வரைபடம் அதைக் காட்டாது. முழங்கால் மடங்காதவருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஐந்து படி வந்தால் அன்றைய கதை முடிந்தது. வழியை முன்கூட்டியே நடந்து பார்த்து, கேட் இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

வலிக்கு ஓர் அளவுகோல்: பத்துக்கு ஐந்து வரை வலி, 24 மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. மறுநாள் மூட்டு வீங்கியிருந்தால் அடுத்த நடையில் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் மேலே தடவும் அழற்சி எதிர்ப்பு ஜெல் கொடுக்கச் சொல்கிறது இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டி அமைப்பான நைஸ் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி. பாராசிட்டமாலையும் மிதமான ஓபியாய்டுகளையும் (அபின் வகை வலி மருந்துகள், டிரமடோலும் இந்த வகைதான்) வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், கடுமையான ஓபியாய்டுகள் வேண்டவே வேண்டாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. டிரமடோல் பழக்கம் இருந்தவருக்கு இது நல்ல செய்தி. குடித்து வயிறும் கல்லீரலும் கெட்டிருந்தால் இப்யூபுரூஃபன் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பதில் 3: சனிக்கிழமை மூணு மணி

கிழமை: சனி. வேறு பேச்சே இல்லை.

வாழ்நாள் முழுக்க சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆடியவர்கள். ஓய்வு பெற்றதும் அந்த நேரம் காலியாகிறது. இங்கிலாந்தில் 2:45 முதல் 5:15 வரை நேரடி ஒளிபரப்பு கிடையாது, ஆனால் ஸ்கோரும், ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டும் இன்-ப்ளே பெட்டிங்கும் போனில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2014 ஆகஸ்ட் முதல், பதிவு செய்த தொழில்முறை வீரர் உலகில் எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது என்று இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் விதி இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் அந்தத் தடையும் விலகுகிறது. வேலியும் போச்சு, வேலையும் போச்சு. எனவே கஃபே, ஓய்வு எல்லாம் சேர்த்து மதியம் 12:30-க்குக் கிளம்பி ஐந்தரைக்கு முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். போன் ஏரோபிளேன் மோடில், வழிநடத்துபவர் போன் மட்டும் இயங்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. ஆர்ட்னன்ஸ் சர்வே காகித வரைபடம் வேண்டும்: தெற்கே ஒயிட் பீக்குக்கு ஓஎல்24, வடக்கே டார்க் பீக்குக்கு ஓஎல்1. அவசர எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்கு முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள், சிக்னல் மங்கிப் பேச முடியாத இடத்தில்கூடச் சில சமயம் அது போகும்.

பெட்டிங் மூவருக்கும் நடை தொடங்குமுன் கதவுகளைப் பூட்டியாக வேண்டும். சூதாட்டத் தளங்களிலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவான கேம்ஸ்டாப்பில் ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்ந்தெடுக்கலாம். அது பிரிட்டன் உரிமம் பெற்ற ஆன்லைன் தளங்களை மட்டுமே தடுக்கும், தெருமுனைக் கடைக்குத் தனியாகப் பதிய வேண்டும். வங்கியிலும் சூதாட்டத் தடை கேட்கலாம். அதை நீக்க சில வங்கிகளில் 48 அல்லது 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், பல சமயம் அந்த இடைவெளிதான் ஆளைக் காப்பாற்றுகிறது. மூன்றையும் செய்யாவிட்டால், மதியம் முழுக்க நடந்துவிட்டுக் காரில் ஏறியதும் ஃபோனைத் திறப்பார்.

அடுத்த கண்ணி பப். இந்த நாட்டின் நடைக் கலாச்சாரமே பப்பில் தொடங்கிப் பப்பில் முடிகிறது. பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைப்பாதை, 268 மைல், ஈடேலில் ஓல்ட் நேக்ஸ் ஹெட் பப் வாசலில் தொடங்கி கிர்க் யெட்ஹோமில் ஒரு ஹோட்டல் பாரில் முடியும். வழிகாட்டிப் புத்தகங்களும் இணையதளங்களும் தரும் வட்டப்பாதைகளில் பலவற்றுக்குக் கார் நிறுத்தமே பப்புக்குப் பின்னால்தான். நீங்கள் ரயில் நிலையத்திலோ கஃபேயிலோ தொடங்கி அங்கேயே முடியுங்கள். வழியில் பப்பைக் கடக்க வேண்டியிருந்தால், எந்த இடம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், நேரில் பார்த்துத் திடுக்கிட வைக்கக் கூடாது.

பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும் மறுபடி குடிக்க வைக்கும் என்பது மீட்புக் குழுக்களில் பழைய பாடம். நடை இதில் பசி, களைப்பு இரண்டையும் தானே உண்டாக்குகிறது. ஒவ்வொரு மணிக்கும் ஏதாவது சாப்பிட வையுங்கள், அரை லிட்டர் தண்ணீர். அதைவிட ஆபத்தானது நடை முடிந்த மாலை. உடம்பு களைத்து, மனசு குளிர்ந்து, "இன்னைக்கு உழைச்சிருக்கோம், ஒண்ணு போடலாம்" என்று தோன்றும் நேரம். இரவு எட்டு மணிக்கு யார் யாருக்குப் போன் செய்வது என்று கார் நிறுத்தத்திலேயே ஜோடி பிரித்துவிடுங்கள்.

பேச்சு தானாக வரும். பக்கத்தில் நடப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வாயே திறக்காதவர்கூட மூன்றாவது கிலோமீட்டரில் ஆரம்பிப்பார். நீங்கள் கேள்வி கேட்டுக் கெடுக்காதீர்கள். படம் எடுக்கக் கூடாது என்பதும் விதி. ரசிகர் யாராவது அடையாளம் கண்டு செல்ஃபி கேட்டால், மறுப்பு சொல்லும் வேலை உங்களுடையது.

பதில் 4: நிதானம்

மேலே விட்டுப்போன ஒன்று. 2019-இல் கிளாஸ்கோவில் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்ததில், மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது பொதுமக்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. உங்கள் குழுவில் அறுபதைத் தாண்டியவர் திரும்பத் திரும்ப வழியை மறந்தால், கூட்டத்தைவிட்டு விலகிப்போனால், "பழைய குடி" என்று ஒதுக்கிவிடாமல் நினைவாற்றல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொழில்முறை கால்பந்து வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கும் உதவுகிறது. முன்னாள் ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் 2000-இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற அமைப்பு போதைச் சிகிச்சைக்கு அந்தச் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது. யாருக்காவது சறுக்கினால் யாரை அழைப்பது என்று அந்த எண்களை உங்கள் பையில் வைத்திருங்கள்.

மறுபதில்: டெர்பிஷயர் நடையர்

மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. ஒருவர் இப்போதே தனியாகத் தினமும் 20 கிலோமீட்டர் நடக்கிறார், வாட்சில் மற்றவர்களோடு போட்டி போடுகிறார். முழங்கால் வீங்கியிருக்கிறது, ஆனால் குடியை விட்டிருக்கிறார். தடுக்கலாமா?

பதில் 5: மூட்டு முக்கியம்

தடுக்காதீர்கள், சண்டைதான் வரும். ஆனால் கவனியுங்கள்: வீங்கிய காலோடு நடப்பது, ஒரு நாள் தவறினால் எரிந்து விழுவது, தூரத்தைக் குறைத்துச் சொல்வது. மூன்றும் சேர்ந்தால் ஒரு பழக்கம் போய் இன்னொன்று வந்திருக்கிறது. முழங்கால் நின்றுபோகும் நாளில் அவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது என்பதுதான் சிக்கல். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு, அந்த நாட்களில் நீச்சல் அல்லது சைக்கிள் என்று அவருடைய ஆலோசகர் வாயால் சொல்ல வையுங்கள். பழைய வீரர்கள் கோச் சொன்னால் கேட்பார்கள், நண்பர் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

குழு நடையில் வாட்ச் பைக்குள். மெதுவாக நடப்பவர் முன்னால், இவர் கடைசி ஆள். எல்லாரும் கேட்டைத் தாண்டினார்களா என்று எண்ணி, கேட்டை மூடிவிட்டு வரும் பொறுப்பு இவருடையது. கன்றோடு பசுக்கள் நிற்கும் வயலாக இருந்தால் மந்தையைச் சுற்றிப் போக வைப்பதும் இவர்தான்.

நேரக் கணக்குக்கு: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது நைஸ்மித் விதி. உங்கள் குழுவுக்கு வரும் விடையோடு அதில் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும், தலைவிளக்கு ஆளுக்கொன்று.