பேலட் அடுக்கும் ரோபோவின் வேகத்தைக் கூட்டினால் பெட்டிகள் விலகுகின்றன

கேள்வி: துவாஸ்_வரிசை3

வணக்கம். சிங்கப்பூரின் துவாஸில் உள்ள ஒரு சாஸ் தயாரிப்புத் தொழிற்சாலையில் பொதியிடும் பகுதியின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். நான்கு அச்சு ரோபோ ஒன்று, 12 கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து 1200 × 1000 மில்லிமீட்டர் பேலட்டில் (சரக்கு அடுக்கும் தட்டில்) அடுக்குகிறது. பெட்டியின் அளவு 400 × 300. ஒரு அடுக்குக்குப் பத்துப் பெட்டிகள். பெட்டியைப் பிடிக்கும் கிரிப்பரில் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஐந்து சக்‌ஷன் கப்புகள் உள்ளன.

தற்போது ஒரு சுற்றுக்கு 7.2 விநாடி ஆவதால் மணிக்கு 500 பெட்டிகள் நகர்கின்றன. நிர்வாகம் 600 கேட்கிறது, அதாவது சுற்றை 6 விநாடிக்குள் முடிக்க வேண்டும். ரோபோவின் வேகத்தையும் முடுக்கத்தையும் கூட்டிப் பார்த்தபோது, பெட்டிகள் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இடம் மாறி அமர்ந்தன, மேலடுக்குகள் சாய்ந்தன, சில பெட்டிகள் நடுவழியில் கழன்றும் விழுந்தன. இரண்டாவது ரோபோ வைக்க இங்கே இடமில்லை. ரோபோவின் துல்லியமே இவ்வளவுதானா, அல்லது வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா?

பதில்: வெற்றிடக்காரர்

கழன்று விழும் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டியை மேலிருந்து உறிஞ்சிப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தும்போது, எடையைத் தாங்குவதோடு பெட்டி வழுக்காமல் தடுக்கும் உராய்வுக்கும் பிடிவிசை போதுமானதாக இருக்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.5 என்றும் பாதுகாப்புக் காரணி 2 என்றும் வைத்துக்கொண்டால், விநாடிக்கு விநாடி 5 மீட்டர் முடுக்கத்தில் உங்கள் பெட்டிக்கு ஏறத்தாழ 475 நியூட்டன் தேவை, முடுக்கம் 8 ஆனால் 620 நியூட்டன். 60 மில்லிமீட்டர் கப் ஒன்று 0.4 பார் வெற்றிடத்தில் தருவது ஏட்டளவில் 113 நியூட்டன்தான் என்பதால், ஐந்து கப்புகள் முதல் நிலைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. அட்டை காற்றைக் கசியவிடும் பொருள் என்பதால் உண்மையான வெற்றிடம் இன்னும் குறைவாகவே இருக்கும்.

நகரும் தூரம் இரண்டு மீட்டர் அளவுக்குள் இருந்தால் ரோபோ தன் உச்ச வேகத்தைத் தொடுவதே அரிது. ஆகவே பெட்டியைப் பிடித்திருக்கும்போது முடுக்கத்தைப் பழைய அளவிலேயே வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பும் பாதையில் மட்டும் கூட்டுங்கள். வெற்றிட வால்வு கிரிப்பருக்கு அருகில் இருக்கிறதா, கன்ட்ரோலரில் உள்ளிட்டிருக்கும் சுமையின் எடையும் எடைமையமும் சரியா என்பதையும் பாருங்கள். வால்வு தொலைவில் இருந்தால், நீண்ட குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி முடிப்பதற்குள் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் கரைகிறது.

பதில்: பிஎல்சி_பணியாளர்

15 மில்லிமீட்டர் விலகலை ரோபோவின் தலையில் கட்டாதீர்கள். இத்தகைய ரோபோக்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் ஏற்படும் பிசகு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பெட்டி எங்கே நிற்கிறது என்று ரோபோ நம்புகிறதோ, அங்கே அது நிற்பதில்லை என்பதே வழக்கமான காரணம்.

உங்கள் கன்வேயர் விநாடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது, பிஎல்சி (வரிசையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) தன் உள்ளீடுகளை ஒருமுறை படித்துச் செயல்படும் ஒரு ஸ்கேன் 10 மில்லிவிநாடி என்று கொள்வோம். சென்சார் பெட்டியைக் கண்ட தருணம் ஸ்கேனின் தொடக்கத்தில் விழுகிறதா முடிவில் விழுகிறதா என்பதைப் பொறுத்தே 5 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். சென்சாரின் தாமதமும் நெட்வொர்க்கின் தாமதமும் இதன் மேல் சேர்கின்றன. வேகத்தைக் கூட்டும்போது எல்லோரும் கன்வேயரையும் சேர்த்தே முடுக்கிவிடுவதால் இந்தப் பிழையும் அதே விகிதத்தில் வளர்கிறது.

ஓடும் பெட்டியை எடுப்பதாயின், சென்சார் சமிக்ஞையை ரோபோ கன்ட்ரோலரின் அதிவேக உள்ளீட்டில் நேரடியாக இணைத்து, அந்தக் கணத்தில் என்கோடர் (கன்வேயர் நகர்ந்த தூரத்தை எண்ணும் கருவி) காட்டும் எண்ணிக்கையைப் பதிவு செய்ய வைக்க வேண்டும். நிறுத்தி எடுப்பதாயின், உறுதியான ஸ்டாப்பரும் பக்கவாட்டில் தள்ளி நேராக்கும் புஷரும் போதும். என் விருப்பம் இரண்டாவதுதான்: கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய எளிது, இரவுப் பணியில் இருப்பவர் மடிக்கணினியைத் திறக்க வேண்டியதில்லை.

பதில்: ஜூரோங்_மூத்தவர்

நண்பர்கள் இருவரும் சொன்னவை சரி. ஆனால் 6 விநாடியைத் துரத்துவதே தேவையில்லை என்பது என் கருத்து. பெட்டிகளை இரண்டிரண்டாக எடுங்கள்.

உங்கள் பெட்டி அளவுக்கு இது மிக அழகாகப் பொருந்துகிறது. இரண்டு பெட்டிகளை 400 மில்லிமீட்டர் பக்கம் ஒட்டுமாறு சேர்த்தால் 600 × 400 அளவுள்ள ஒரு ஜோடி கிடைக்கும். 1200 × 1000 பேலட்டில், 1200 பக்கத்தை ஒட்டி இரண்டு ஜோடிகளை நீளவாக்கில் வைத்தால் 400 மில்லிமீட்டர் ஆழம் நிரம்பும். மீதியுள்ள 600 மில்லிமீட்டரில் மூன்று ஜோடிகளை 90 பாகை திருப்பி வைக்கலாம். ஆக, ஒரே வகை ஜோடி, ஐந்து முறை எடுத்தால் ஒரு அடுக்கு முடிந்தது. ஒரு சுற்று 8 விநாடிக்கு மெதுவானாலும் அடுக்குக்கு 40 விநாடிதான், மணிக்கு 900 பெட்டிகள். 10 விநாடி எடுத்துக்கொண்டால்கூட 720. முடுக்கத்தைக் குறைத்தே இலக்கைத் தாண்டிவிடலாம்.

இதற்குப் பெட்டிகள் கன்வேயரில் 300 மில்லிமீட்டர் பக்கம் பயணத் திசையில் இருக்குமாறு வர வேண்டும். இப்போது வேறு விதமாக வந்தால், ஒரு ஓரத்தில் தடுப்பு வைத்துத் திருப்பிவிடலாம். கப்புகள் பெட்டிக்கு ஐந்து என்ற கணக்கில் பத்தாகும். கிரிப்பரின் எடையும் கூடுவதால், 24 கிலோவோடு அதையும் சேர்த்து ரோபோவின் சுமை வரம்புக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

சாய்வைப் பற்றி ஒன்று. உங்கள் பெட்டி உண்மையில் 400தானா? சாஸ் பாட்டில்கள் அழுத்தி வயிறு தள்ளிய பெட்டி 403 இருந்தால், மூன்று பெட்டிகள் 1209 ஆகிப் பேலட்டை விட்டு வெளியே நிற்கும், எந்த நிரலாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மழைக்காலத்தில் லோடிங் பே கதவு திறந்தே கிடந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கும்போது நெளியட்டைப் பெட்டியின் தாங்குதிறன் உலர்ந்த நிலையில் இருப்பதில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெட்டியின் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது மூலைகளே என்பதால், கீழடுக்குகளை மூலைக்கு மூலை நேராக அடுக்கி, மேலே ஓரிரு அடுக்குகளை மட்டும் திசை மாற்றிப் பிணைப்பது நல்லது.

துவாஸ்_வரிசை3

மிக்க நன்றி. பெட்டிகளை அளந்து பார்த்தேன்: அடைத்த பிறகு 402 முதல் 404 வரை இருக்கின்றன. சுற்று நேரத்தையும் பதிவு செய்ததில், 7.2 விநாடியில் ஒன்றரை விநாடி அளவுக்கு ரோபோ பெட்டிக்காகக் காத்து நிற்கிறது என்பது தெரிந்தது. சுமை வரம்பில் இடம் இருப்பதால், ஜோடியாக எடுக்கும் கிரிப்பருக்கு விலை கேட்கப் போகிறேன். அட்டைப்பெட்டி வழங்குநரிடம் வெளி அளவை 396 ஆகக் குறைக்கச் சொல்ல வேண்டும். கிரிப்பர் மாறினால் பாதுகாப்பு வேலியையும் தொட வேண்டியிருக்குமா?

பதில்: பிஎல்சி_பணியாளர்

வேலியை விட, பேலட் வெளியேறும் வாயிலில் உள்ள லைட் கர்ட்டனைப் (ஆள் குறுக்கிட்டால் ரோபோவை நிறுத்தும் ஒளித்திரையை) பாருங்கள். கையில் சுமை கூடினால் ரோபோ நிற்க எடுக்கும் நேரமும் கூடும். பாதுகாப்புத் தூரத்துக்கான ஐஎஸ்ஓ 13855 தரநிலையின் கணக்கின்படி மனிதர் நடந்து வரும் வேகம் விநாடிக்கு 1600 மில்லிமீட்டர். ஆகவே நிற்கும் நேரம் 0.2 விநாடி கூடினாலே கர்ட்டனை 320 மில்லிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிற்கும் நேரத்தை முழுச் சுமையோடும் உச்ச வேகத்தோடும் அளந்து, இடர் மதிப்பீட்டைத் திருத்தி எழுதிய பிறகே உற்பத்திக்கு விடுங்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் அது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. வாயிலுக்கு முன்னால் அந்த 320 மில்லிமீட்டர் இடம் இல்லையென்றால், கிரிப்பரை வாங்குவதற்கு முன்பே வழங்குநரிடம் சொல்லிவிடுங்கள். வாயிலுக்கு அருகில் மட்டும் ரோபோவின் வேகத்தைப் பாதுகாப்பு கன்ட்ரோலர் வழியாகக் கட்டுப்படுத்தும் வசதி பல ரோபோக்களில் உண்டு.