பிளேடு கோட்டை விட்டால்: ஸ்க்ரோல் சா அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

பதினாறு அங்குல ஸ்க்ரோல் சா ஒன்றை, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தை அறுக்கும் மேசை ரம்ப இயந்திரத்தை, வாங்கிப் பால்கனியில் வைத்திருக்கிறேன். அலுவலகம் விட்டு வந்ததும் சிறிது நேரமாவது அதன் முன் உட்காராவிட்டால் அன்றைய நாள் முடிந்ததாகவே தோன்றுவதில்லை. ஒரே ஒரு குறை. பலகையில் நேர்க்கோடு வரைந்து நேராகத் தள்ளினால் பிளேடு நேராகப் போவதில்லை. எப்போதும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்வீட்டுக்குக் கதவு போட வந்த ஆசாரி எட்டிப் பார்த்துவிட்டு, "இது விளையாட்டுச் சாமான் சார், இதை விற்றுவிட்டு, கையில் பிடித்து அறுக்கும் ஜிக்சா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். இது இயந்திரக் கோளாறா, கைக்கோளாறா? பழகியவர்கள் எழுதுங்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்ற பட்டியல் வேண்டாம். நீங்கள் கண்டதும் கேட்டதும் போதும்.

திண்டுக்கல்லிலிருந்து:

தம்பி, இரண்டும் இல்லை. அந்தப் பிளேடே அப்படித்தான் பிறக்கிறது. எஃகுப் பட்டையில் பற்களை வெட்டும்போது ஒரு பக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பி நின்றுவிடும். அந்தப் பக்கம் மரத்தைக் கூடுதலாகக் கடிக்கும், பிளேடும் அந்தப் பக்கமே போகும். பற்களைச் சாணை பிடித்துச் செய்யும் விலை உயர்ந்த பிளேடுகளில் இந்த இழுப்பு குறைவு, ஆனால் அடியோடு இல்லாமல் போவதில்லை. எனவே பலகையைச் சில பாகை சாய்த்துத் தள்ள வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. உதவாத துண்டு ஒன்றில் நேர்க்கோடு போட்டு, பிளேடு அதன் மேலேயே போகும்வரை பலகையைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் சாய்வைக் கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆசாரியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கதவும் நிலையும் செய்பவர். ஜிக்சாவின் பிளேடை ஒரு முனையில்தான் பிடித்திருக்கிறார்கள், அதனால் அது தடித்திருந்தே ஆக வேண்டும். ஸ்க்ரோல் சாவில் ஐந்து அங்குலப் பிளேடு மேலும் கீழும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் நூலிழை போன்ற பிளேடிலும் அறுக்க முடிகிறது. அந்த இறுக்கம் தளர்ந்தால் எல்லாம் போச்சு.

நான் மரவேலைப் பயிற்சி வகுப்பு எடுத்த காலத்தில் வயலின் பழகிய பெண் ஒருத்தி வந்தாள். பிளேடை மாட்டியதும் விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவாள். மந்தமாகக் கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் "இறுக்கம் போதவில்லை சார்" என்று தானே திருகிவிடுவாள். உச்சத்தில் கணீரென்று ஒலித்தால் சரி. சுருதி பிடிபடாதவர்கள் பிளேடின் நடுவில் விரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்க்கலாம். ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மில்லிமீட்டருக்கு மேல், வளைந்தால் இன்னும் இறுக்க வேண்டும்.

அடுத்தது மேசை. பிளேடுக்கு மேசை செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் தேடி ஓட வேண்டாம். தடித்த கட்டை ஒன்றை எடுத்து முன்பக்கம் சிறு கீறலாக உள்ளே அறுத்து நிறுத்துங்கள். கட்டையை அப்படியே சுற்றி பிளேடுக்குப் பின்னால் கொண்டுபோய், அந்தக் கீறலைப் பிளேடின் முதுகில் பொருத்துங்கள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் மேசை சரி. முட்டினால் மேசை சாய்ந்திருக்கிறது. எத்தனையோ பேர் மாதக்கணக்கில் கையை நொந்துகொள்வார்கள். குற்றவாளி மேசைக்கு அடியிலுள்ள திருகாக இருக்கும்.

பிளேடு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எண் கூடக் கூட அகலமும் தடிப்பும் கூடும். இரண்டு நூல் பிளைவுட்டுக்கு 3ஆம் எண், ஆறு நூல் பலகைக்கு 5 அல்லது 7. இது பொதுக்கணக்குதான், மரம் கடினமானால் ஓர் எண் ஏறுங்கள். தள்ளும் விசைதான் முக்கியம். அவசரப்பட்டு அழுத்தினால் பிளேடு நடுவில் வில்லாக வளைந்து, அறுத்த ஓரம் பீப்பாய் வயிறு மாதிரி புடைத்துவிடும். மேலே கோட்டின் மீதுதான் போயிருப்பீர்கள், புரட்டிப் பார்த்தால் கீழே வேறு வடிவம் இருக்கும்.

கூர்மூலை திரும்புவதற்கு என் மாணவர்களுக்குச் சொன்னது இது. மூலை வரை அறுங்கள். ஒரு மயிரிழை பின்வாங்கி, பிளேடின் வழுவழுப்பான முதுகு அறுத்த சுவரில் படும்படி லேசாகச் சாய்த்து, பலகையைச் சட்டென்று திருப்புங்கள். பற்கள் கழிவுப் பக்கத்தைப் பார்த்தபடி திரும்பினால் மூலை மழுங்காது. உள்வேலை, அதாவது துளையிட்டு அதில் பிளேடை நுழைத்து நடுவில் அறுப்பது, முழுவதும் முடிந்த பிறகே வெளிக்கோட்டுக்கு வாருங்கள். வெளியை முதலில் அறுத்தால் உள்ளே துளையிடும்போது பிடித்துக்கொள்ள மரம் இருக்காது.

காரைக்குடியிலிருந்து:

ஐயா சொன்ன சுண்டிப் பார்க்கும் முறையை இன்றுதான் முயன்று பார்த்தேன். என் காதுக்கும் பிடிபடுகிறது.

நான் பெரும்பாலும் கோலமும் பெயர்ப்பலகையும் அறுக்கிறேன். சிக்குக் கோலம் இந்த இயந்திரத்துக்கென்றே பிறந்தது என்பேன், ஒரு நிபந்தனையோடு. கோட்டை அறுக்கக்கூடாது. கோட்டை அறுத்தால் உள்ளே இருக்கும் அத்தனை கண்களும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கோட்டுக்கு இரண்டு நூல் அகலம் கொடுத்து, அதை மரமாக விட்டுவிட்டு, இடையில் இருக்கும் கண்களை மட்டும் ஒவ்வொன்றாகத் துளையிட்டு அறுத்தெடுக்க வேண்டும். இழைகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோர் இடமும் ஒட்டுப்போட்டது போல இறுகி நிற்கிறது. கையில் எடுத்தால் இவ்வளவு மெல்லிய வேலை ஏன் உடையவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் சிறு கண்களை முதலில் அறுக்கிறேன், சுற்றிலும் மரம் பலமாக இருக்கும்போதே.

பெயர்ப்பலகை வேறு கதை. புதுமனைக்குப் பலகை கேட்டு வந்த பெரியவர் ஒருவர், பின்பலகை எதுவும் கூடாது, எழுத்துகள் மட்டும் சுவரில் நிற்க வேண்டும் என்றார். ஆங்கிலப் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? துணைக்கால் தனி, கொம்பு தனி. அவர் கேட்ட பெயரை எழுதிக் காட்டி, தனித்தனியாக விழப்போகும் துண்டுகளை விரல் விட்டு எண்ணினோம். "அப்படியானால் அடியில் ஒரு கோடு போட்டுவிடம்மா" என்று அவரே சொன்னார். இப்போது எல்லாப் பெயருக்கும் அதையே செய்கிறேன். எழுத்துகளின் அடியில் மூன்று நூல் அகலத்தில் ஒரு பட்டை, அதன்மேல் எல்லா எழுத்தும் கால் ஊன்றி நிற்கும். புள்ளியைச் சற்றுக் கீழிறக்கி எழுத்தின் தலையைத் தொடவைக்கிறேன். ட, ப போன்றவை ஒரே மூச்சில் வந்துவிடும். க, வ வந்தால் உட்கண்ணுக்குத் துளை போட்டு பிளேடைக் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு பெயரில் க எத்தனை, வ எத்தனை என்று பார்த்துத்தான் கூலி சொல்கிறேன். சிரிக்க வேண்டாம், உண்மைதான்.

வரைபடத்தை நேரடியாக மரத்தில் ஒட்டாதீர்கள். முதலில் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப், அதன்மேல் பசையடித்த வரைபடம். வேலை முடிந்ததும் டேப்போடு சேர்ந்து உரிந்துவிடும். மரத்தில் பசை படியாது.

கூடலூரிலிருந்து:

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே!

தேக்கு என்றால் எல்லோருக்கும் மயக்கம். அதில் சிலிக்கா இருக்கிறது. பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடை வைத்துக்கொண்டு தள்ளினால் ஓரம் கருகும். கருகினால் பிளேடை மாற்றுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். பார்சல் ஒட்டும் பளபளப்பான டேப்பை வரைபடத்தின்மேல் ஒட்டி அறுத்தால் கருகல் நன்றாகக் குறைகிறது. எங்கள் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் துண்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பழகுவதற்கு அது போதும். பிளைவுட்டில் மரத்தைவிட அதன் பசைதான் பிளேடைத் தின்கிறது.

இன்னொன்று. மெல்லிய பலகையை அறுக்கும்போது பிளேடின் ஒரு சிறு பகுதி மட்டுமே தேய்கிறது, மற்ற பற்கள் சும்மா இருக்கின்றன. அரை அங்குலப் பிளைவுட் ஒன்றை மேசைமேல் பொருத்தி மேசையை உயர்த்திவிட்டால் அதே பிளேடின் புதுப் பற்கள் வேலைக்கு வரும். பிளேடைத் தருவித்து வாங்கும் ஊர்களில் இது பெரிய லாபம்.

ஜெர்மனியின் டிரெஸ்டனிலிருந்து:

இயந்திரம் வாங்க வசதி இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் இந்த ஊருக்குத் தெற்கே எர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதி. அங்குள்ள ஸைஃபன் கிராமம் மரப்பொம்மைகளுக்குப் பேர்போனது. சுரங்க வேலை நலிந்தபோது அந்த மக்கள் மரவேலைக்குத் திரும்பினார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் அப்பகுதி முழுவதும் சன்னல்களில் வளைவு விளக்குகள் எரியும். மரத்தில் அறுத்த வளைவுகளில் சுரங்கத் தொழிலாளி உருவங்கள் அடிக்கடி வரும்.

அங்கே சந்தையில் ஒரு முதியவர் கையால் அறுத்துக்கொண்டிருந்தார். U வடிவச் சட்டத்தில் கட்டிய மெல்லிய பிளேடு, மேசை விளிம்பில் இறுக்கிய ஒரு சிறு பலகை, அதில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு. வேறு எதுவும் இல்லை. பற்கள் கீழ்நோக்கி, கைப்பிடியைப் பார்த்து இருந்தன. கீழே இழுக்கும்போதுதான் வெட்டும். கை ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்வந்தது, திரும்பியதெல்லாம் மரம்தான். நான் கேட்டேன் என்று என்னையும் உட்காரவைத்தார். நான் வளைவில் ரம்பத்தைத் திருப்பப் போனபோதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு, மரத்தைச் சுற்றினார். பேச்சே தேவைப்படவில்லை.

இங்கே பள்ளிப்பிள்ளைகள்கூட இந்தக் கைரம்பத்தில்தான் தொடங்குகிறார்கள். இதில் சில வாரம் பழகிவிட்டு இயந்திரத்துக்குப் போனால் பிளேடு இழுப்பது உடனே விரலுக்குத் தெரிகிறது. திருச்சி நண்பரே, உங்கள் இயந்திரத்தை விற்க வேண்டாம், பக்கத்தில் இதையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

பால்கனி என்று படித்ததும் இரண்டு விஷயம் சொல்லத் தோன்றியது.

முதலாவது அதிர்வு. அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுவது இயந்திரச் சத்தத்தால் அல்ல, தரை வழியாக இறங்கும் அதிர்வால். எங்கள் குடியிருப்பில் ஒருவர் சமையலறை மேடைக்கு வாங்கி மிஞ்சிய கடப்பைக் கல்லை ரப்பர் விரிப்பின்மேல் போட்டு, இயந்திரத்தை அதன்மேல் இறுக்கினார். கீழ்வீட்டு அம்மா இப்போது அவரிடம் பேரனுக்குப் புதிர் பலகை கேட்டு வருகிறார்.

இரண்டாவது தூசி. இதில் நான் பிடிவாதக்காரன். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்க்ரோல் சா உதிர்க்கும் தூள் மிக நுண்ணியது, மூக்குக்கு நேரே எழும்புகிறது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை அறுக்கும்போது இன்னும் மோசம். கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். கோட்டின்மேல் படியும் தூளை ஊதும் சிறு குழாய் பல இயந்திரங்களில் சீக்கிரம் செத்துவிடும். மீன்தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரை வாங்கி அந்தக் குழாயில் செருகுங்கள். எந்த வண்ணமீன் கடையிலும் கிடைக்கும், சத்தமும் இல்லை.

குழந்தைகளுக்குப் புதிர் பலகை செய்பவர்கள் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது மரத்தில் உலராது, பிசுபிசுத்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். தேன்மெழுகு நல்லது. ஆளிவிதை எண்ணெய் உலரும், ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, முழுவதும் உலர்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.