உம்மன்னாக்கில் பனித்துளைக்குள் நான் பார்த்தது எவ்வளவு வயதான சுறா?

உப்பளப்பவன் எழுதியது:

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கடைசியில் இருக்கிறது.

போன மார்ச்சில் மேற்குக் கிரீன்லாந்தின் உம்மன்னாக்கில் மூன்று வாரம் இருந்தேன். உறைந்த ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் கடல்நீர்க் கால்) மேல் துளை போட்டு, கருவியைக் கம்பியில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு உப்பு என்று குறித்துக்கொள்வது என் வேலை. பனிக்கு ஒட்டின தண்ணீர் மைனஸ் 1.8 டிகிரி. கீழே போகப் போக 2 டிகிரிக்கு மேல் ஏறும், அட்லாண்டிக்கிலிருந்து வரும் தண்ணீர் அது. வெளியே காற்று மைனஸ் 22. இங்கே கதகதப்பான இடம் கடலடிதான் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

எங்களை நாய் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் ஒரு மீனவப் பெரியவர். அவர் பேசுவதை எங்களுக்குச் சொல்வது அவருடைய மகன். ஒரு நாள் மதியம் குளிரில் கருவியின் பேட்டரி படுத்துவிட்டது. சும்மாதானே இருக்கிறாய், என் கயிற்றை இழுக்க வா என்று பெரியவர் கூப்பிட்டார். போனேன்.

அங்கே பிடிப்பது ஹாலிபட் என்ற தட்டை மீன். நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முட்களைக் கட்டி, ஒரே ஒரு பனித்துளை வழியாக இறக்குகிறார்கள். கயிறு துளைக்கு நேர் கீழே குவிந்துவிடாமல் இருக்க நுனியில் ஒரு தகடு. அது தண்ணீரில் சாய்வாகச் சறுக்கிக்கொண்டே கயிற்றைத் தள்ளி எடுத்துப் போகும். அன்றைக்குக் கயிறு கிடந்தது சுமார் 600 மீட்டர் ஆழத்தில். சுருட்டும் வின்ச்சுக்குச் சின்ன மோட்டார் உண்டு. மீன் வர வர முள்ளிலிருந்து கழற்றிப் பனிமேல் போடுவது மகனின் வேலை. இருட்டத் தொடங்கியிருந்ததால் துளைக்குள் விளக்கு பிடிப்பது என் வேலை. விளக்குத்தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முப்பது நாற்பது முள்ளில் நல்ல மீன். அப்புறம் ஒரு மீன் வாலில்லாமல் வந்தது. அடுத்தது பாதிதான். வெட்டு அவ்வளவு சுத்தம், வட்டமாக, கரண்டியால் அள்ளி எடுத்த மாதிரி. அதற்கடுத்த முள்ளில் வெறும் தலை. அதன் பிறகு வந்த முள்ளில் உதடு மட்டும் தொங்கியது.

பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். அதுவரை நாய்களைத் திட்டிக்கொண்டே இருந்தவர். மகன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த இருபது முட்கள் வெறுமையாக வந்தன. முள் ஏறும், விளக்கொளியில் பளிச்சென்று மின்னும், போகும். அடுத்தது. அடுத்தது.

பிறகு மோட்டார் முனகியது. கயிறு விறைத்து, துளையின் விளிம்புப் பனியை அறுக்க ஆரம்பித்தது. பெரிய மீன் மாட்டினால் வெட்டி வெட்டி இழுக்கும் அல்லவா, அது இல்லை. கல் ஏறுகிறது போல ஒரே சீரான கனம். பெரியவர் மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் சுற்றினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. முக்கால் மணி நேரம் இருக்கும். நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

முதலில் வந்தது நாற்றம். கழுவாத மூத்திரச்சந்து நாற்றம், அந்தக் குளிரிலும். அப்புறம் துளையில் இருந்த கறுப்புத் தண்ணீர் மெல்ல மேலெழும்பி என் பூட்ஸை நனைத்தது. தண்ணீருக்குக் கீழே ஏதோ வெளிறியது. பனிக்கட்டி என்றுதான் நினைத்தேன்.

மூக்கு. மழுங்கின, பழுப்புச் சாம்பல் நிற மூக்கு. உப்புத்தாள் போலத் தோல். அது அப்படியே மேலே வந்து விளிம்பில் சாய்ந்து நின்றது. என் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி. விளக்கை அதன் கண்ணுக்கு நேராகப் பிடித்துவிட்டேன். கண் பால் பூத்திருந்தது. கண்ணின் நடுவிலிருந்து வெளிறிய நூல் மாதிரி ஒன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அது துள்ளவில்லை, வாயைத் திறக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. செவுள் மட்டும் ஒருமுறை விரிந்தது. அடுத்த முறை விரிவதற்கு நான் காத்திருந்த நேரம் இருக்கிறதே, அதை இங்கே எழுத வரவில்லை.

பெரியவர் குனிந்து, முகத்தைச் சுற்றியிருந்த கயிற்றை நாலைந்து இடத்தில் அறுத்தார். காசு போன எரிச்சல் முகத்தில் தெரிந்தது. அந்த விலங்கு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு வந்த மாதிரியே கீழே இறங்கிப் போயிற்று. பெரியவர் 'எக்கலுசுவாக்' என்றார், அவர்கள் மொழியில் அதன் பெயர். இறைச்சியை நாய்க்குக்கூடப் பச்சையாகப் போடக் கூடாதாம்.

இது கிரீன்லாந்து சுறா என்பது எனக்கே தெரியும். என் கேள்வி இதுதான்: 400 வருடம் வாழும் என்கிறார்களே, அது உண்மையா? நான் பார்த்ததற்கு என்ன வயது இருக்கும்? அந்த நூல் என்ன? அது ஏன் போராடவே இல்லை? அளப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நான். அன்றைக்கு அதை மட்டும் அளக்கவில்லை.

---

செவுள்நோக்கி:

நூல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அது ஒரு ஒட்டுண்ணி. பெயர் ஓமடோகோய்டா. இறால், நண்டு இனத்துக்குத் தூரத்துச் சொந்தம். பெண் உயிரி சுறாவின் விழிப்படலத்தில் தன்னை நட்டுக்கொண்டு அங்கேயே தொங்கும். ஆர்க்டிக் பகுதியில் பிடிபடும் பெரும்பாலான கிரீன்லாந்து சுறாக்களின் கண்ணில் இது உண்டு. பார்வையைக் கெடுக்கும், ஆனால் இருட்டில் மோப்பம் பிடித்து வாழ்கிற விலங்குக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

வயது விஷயம். மற்ற சுறாக்களுக்கு முதுகெலும்பில் மரத்தின் வளையம் போல வரிகள் விழும், எண்ணிவிடலாம். இதற்கு எலும்பே மெத்தென்றிருப்பதால் வரி விழாது. அதனால்தான் இவ்வளவு காலம் யாருக்கும் வயது தெரியாமல் இருந்தது. 2016-இல் யூலியஸ் நீல்சன் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். கண் வில்லையின் நடுப்பகுதி, குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். அதன் பிறகு அந்தப் புரதம் மாறுவதே இல்லை. அதில் உள்ள கார்பன்-14, காலம் போகப் போகச் சீராகக் குறையும் ஒரு வகைக் கார்பன். அதை அளந்தால் பிறந்த காலம் தெரியும். 28 பெண் சுறாக்களைப் பார்த்தார்கள். ஆகப் பெரியது 5.02 மீட்டர், அதற்குக் கிடைத்த வயது 392. கூடவே இருக்கிற 'கூட்டல் கழித்தல் 120'-ஐ மட்டும் எல்லாரும் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். குறைந்தது 272 என்று சொல்லலாம், அதுவே முதுகெலும்புள்ள விலங்குகளில் சாதனைதான். 400 என்று அடித்துச் சொல்ல முடியாது.

உங்கள் சுறாவுக்கு வயது சொல்ல நீளம் வேண்டும். ஏதாவது ஒன்று, துளையின் அகலமாவது நினைவிருக்கிறதா?

---

கரைக்காரன்:

முடிவில் "அங்கேயே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

போராடாததற்குக் காரணம் அதன் உடம்பின் வேகமே அவ்வளவுதான். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் இந்தச் சுறாக்களுக்குக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். சராசரி நீச்சல் நொடிக்கு 34 சென்டிமீட்டர். வாலை ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி முடிக்க ஏழு நொடி. தவழும் குழந்தை அதை முந்திவிடும். இருந்தும் அதன் வயிற்றில் சீல் இறைச்சி கிடைக்கிறது. தண்ணீரில் தூங்குகிற சீலை நெருங்கிப் பிடிக்கிறது என்பது ஓர் ஊகம். கரடிக்குப் பயந்து சீல் தண்ணீரில் தூங்கும், இது கீழேயிருந்து மெதுவாக வரும். யோசித்தால் நல்ல பயங்கரம்தான், சத்தமே இல்லாதது.

வட்டமாக அள்ளியெடுத்த மாதிரி வெட்டு என்றீர்களே, அது பல்லின் வேலை. மேல்தாடைப் பற்கள் ஊசி போல, பிடித்துக்கொள்ள. கீழ்தாடைப் பற்கள் அகலமாகப் படுத்து ஒன்றோடொன்று கோத்து ரம்பம் போல இருக்கும். கவ்வியபடி தலையைச் சுழற்றினால் வட்டமாகப் பெயர்ந்து வரும். கயிற்றில் சிக்கியபோதும் இப்படிச் சுழன்றுதான் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

---

உப்பளப்பவன்:

செவுள்நோக்கி, நீங்கள் கேட்டபின் படுத்துக்கொண்டே யோசித்தேன். பனி கொத்துகிற உளியின் கைப்பிடியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு நாடா ஒட்டி வைத்திருப்பேன், பனியின் கனம் பார்க்க. அந்த உளி துளையின் ஓரத்தில் கிடந்தது. மூக்கு நுனி முதல் நாடாவுக்கு நேர். முதல் செவுள் பிளவு ஒன்பதாவது நாடாவை ஒட்டி. ஆக 80 சென்டிமீட்டர். விளக்கு ஆடியது, பத்து முன்னே பின்னே போட்டுக்கொள்ளுங்கள்.

---

செவுள்நோக்கி:

அளக்கவில்லை என்று சொன்னவரா இவர்!

சரி, தோராயம்தான். தலைப்பகுதி உடலில் நாலில் ஒன்று என்றால் 3.2 மீட்டர், ஐந்தில் ஒன்று என்றால் 4 மீட்டர். அந்த ஆய்வின்படி 3 மீட்டருக்குக் குறைந்தவை நூறு வயதுக்கு உட்பட்டவை. 4 மீட்டர் வந்தால் ஒன்றரை நூற்றாண்டு. உங்களுடையது நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் எங்கோ. வளர்ச்சி அவ்வளவு மெதுவு: 1930-களில் கிரீன்லாந்தில் அடையாளம் போட்டு விட்ட ஒரு சுறாவைப் பதினாறு வருடம் கழித்துப் பிடித்தார்கள். எட்டு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் சுறாக்கள் குட்டி போடும் பருவத்தை அடைவது 4 மீட்டர் அளவில், ஏறத்தாழ 150 வயதில். அது பெண்ணாக இருந்தால், நூறு வயது தாண்டியும் இன்னும் வயதுக்கு வராத பிள்ளை. பெரியவர் கயிற்றை அறுத்துவிட்டது நல்ல காரியம். ஒன்றை இழந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர ஒன்றரை நூற்றாண்டு ஆகும்.

---

கரைக்காரன்:

நாய்க்குக்கூடப் போடக் கூடாது என்பதும் உண்மை. பச்சை இறைச்சியில் இருக்கிற ஒரு வேதிப்பொருள் செரிக்கும்போது நஞ்சாக மாறும். தின்ற நாய்கள் குடித்தவன் மாதிரி தள்ளாடி விழும், செத்தும் போகும். உலர்த்தியோ, தண்ணீரை மாற்றி மாற்றி வேகவைத்தோதான் கொடுப்பார்கள். ஐஸ்லாந்தில் வாரக்கணக்கில் புதைத்துப் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மனிதர்களே சாப்பிடுகிறார்கள். அவர்கள் பாடு.

---

உப்பளப்பவன்:

இருவருக்கும் நன்றி. 400 இல்லை என்றதும் முதலில் சப்பென்றாகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் கணக்குப் போட்டேன். நூற்றிருபது என்றே வைத்தாலும், அந்தப் பெரியவரின் தாத்தா சின்னப் பையனாக அதே பனிமேல் ஓடியிருக்கக்கூடிய காலத்தில் இது கீழே ஒன்றரைச் சாண் குட்டி.

திரும்பும் வழியில் மகன் ஒரு பழங்கதை சொன்னான். ஒரு கிழவி மூத்திரத்தில் தலைமுடியை அலசினாளாம். துடைத்த துணி காற்றில் பறந்து கடலில் விழுந்து இந்தச் சுறா ஆயிற்றாம். நாற்றத்துக்குக் காரணம் அதுதானாம். பெரியவர் திரும்பிப் பார்க்காமலே ஏதோ சொன்னார், மகன் சிரித்தான், எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

கடைசியாக ஒன்று. கயிற்றை அவிழ்க்க உதவுகிறேன் என்று அதன் மூக்கைக் கையுறையோடு தொட்டேன். பத்து மாதம் ஆகிறது, நாலு முறை துவைத்தாயிற்று. நாற்றம் போகவில்லை. என்ன செய்யலாம்?

---

கரைக்காரன்:

புதுக் கையுறை வாங்குங்கள்.