கையசைப்பது எந்த நாளில்? ஃபிராங்க் ஹர்லி குறித்த விவாதம்

இருட்டறை: எர்னஸ்ட் ஷேக்கில்டன் தலைமையில் அண்டார்க்டிகா சென்ற குழுவின் புகைப்படக்காரர் ஹர்லியைப் பற்றி, பனிக்கடல் நேற்றைய பதிவில் ‘ஹர்லியின் கேமரா ஒருபோதும் பொய் சொன்னதில்லை’ என்று எழுதியிருக்கிறார். கப்பலை இழந்த அந்தக் குழு ஒதுங்கிய எலிஃபன்ட் தீவின் கரையில் நின்று ஆட்கள் கையசைக்கும் படம் ‘மீட்பு’ என்ற பெயரில் பரவியிருக்கிறதே, அது மீட்பு நாளில் எடுத்ததே அல்ல. ஷேக்கில்டனும் ஐந்து பேரும் ஜேம்ஸ் கெய்ர்ட் படகில் உதவி தேடிப் புறப்பட்ட 1916 ஏப்ரல் 24 அன்று எடுத்தது. சிலி நாட்டின் யெல்சோ கப்பல் வந்து மீதி 22 பேரையும் ஏற்றிக்கொண்டது ஆகஸ்ட் 30 அன்று. வழியனுப்பிய கைகளை வரவேற்கும் கைகளாகக் காட்டியது பொய் இல்லையா?

பனிக்கடல்: அவர் எந்த நிலையில் வேலை செய்தார் என்பதை முதலில் பாருங்கள். பனி நொறுக்கிய அந்தக் குழுவின் எண்டியூரன்ஸ் கப்பலுக்குள், சட்டையைக் கழற்றிவிட்டுப் பனிக்கூழ் மிதந்த நீரில் மூழ்கி நெகட்டிவ் பெட்டிகளை மீட்டவர் அவர். பிறகு பனியில் உட்கார்ந்து, சுமையைக் குறைக்க, ஷேக்கில்டனுடன் சேர்ந்து சுமார் 120 கண்ணாடி நெகட்டிவ் தகடுகளைத் தேர்ந்தெடுத்து, ஏறத்தாழ 400 தகடுகளை உடைத்தார். மனம் மாறி மறுபடி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே உடைத்தார். அதன்பின் புதிதாகப் படம் எடுக்க அவரிடம் மிஞ்சியவை ஒரு சிறிய கோடக் கேமராவும் மூன்று ஃபிலிம் சுருள்களும் மட்டுமே.

இருட்டறை: அவர் மூழ்கியதை நான் மறுக்கவில்லை. நான் கேட்டது தேதியை. ஏப்ரல் 24.

சாட்சி: இருட்டறை சொல்வதில் தவறில்லை. 1917இல் முதல் உலகப் போரின் மேற்கு முனையில் ஆஸ்திரேலியப் படையின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்தபோதும் ஹர்லி பல நெகட்டிவ்களை ஒன்றாக ஒட்டிப் போர்க்காட்சி செய்தார். ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீன் அதைப் போலி என்று எதிர்த்ததும் பதவி விலகுவேன் என்றார். கடைசியில் சில கூட்டுப் படங்களுக்கு அனுமதியும் பெற்றார்.

பனிக்கடல்: குண்டு வெடிப்பும், விமானமும், பதுங்குகுழியிலிருந்து எழும் வீரரும் ஒரே நொடியில் ஒரே தகட்டில் விழ வேண்டுமென்று பீன் எதிர்பார்த்தார். ஹர்லி போர் முழுவதையும் ஒரே படத்தில் சொல்ல முயன்றார். சாட்சிக்கு இது புரியாது என்பது ஷேக்கில்டன் பயணத்தைக் காட்டும் ஹர்லியின் ‘சவுத்’ திரைப்படம் பற்றிய பழைய இழையிலேயே எங்களுக்குத் தெரிந்ததுதான்.

சாட்சி: அந்த இழையில் நான் சொன்னது, படத்தில் வரும் விலங்குக் காட்சிகளுக்காக அவர் 1917இல் தெற்கு ஜார்ஜியாவுக்குத் திரும்பிப் போனார் என்பது. அது உண்மைதானே? அன்று நீங்கள் பதில் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

இருட்டறை: விலங்குகள் இருக்கட்டும். இருபது ஆண்டுகள் டார்க்ரூமில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வேறு, ஒரு நாளை இன்னொரு நாளாக மாற்றுவது வேறு. அந்தக் கரையில் நின்றவர்கள் தாங்கள் பிழைப்போமா என்றே அறியாதவர்கள். அடுத்து வந்த நான்கு மாதங்களைக் கவிழ்த்து வைத்த இரண்டு படகுகளுக்கு அடியில் கழித்தார்கள். அந்தக் கைகளில் இருந்த அச்சத்தை அழித்து மகிழ்ச்சி என்று பெயரிட்டது அந்த 22 பேருக்கும் செய்த அநீதி. ஏப்ரல் 24 என்று எழுதியிருந்தால் படம் இன்னும் பெரிதாக நின்றிருக்கும்!

பனிக்கடல்: விற்பனைக்கும் சொற்பொழிவுக்கும் படம் தேவைப்பட்ட காலம் அது. 1915 ஆகஸ்டில், இரவின் இருட்டில், ஏறத்தாழ இருபது ஃபிளாஷ்களை வெடிக்கவைத்து, பனி உறைந்த கயிறுகளோடு நிற்கும் எண்டியூரன்ஸை அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். அதற்கு ஈடான ஒரு படம் உங்கள் டார்க்ரூமிலிருந்து வந்திருந்தால் இங்கே போடுங்கள்.

இருட்டறை: என் படங்கள் இங்கே வழக்கில் இல்லை. தேதிதான் வழக்கு.

சாட்சி: ஹர்லி பின்னர் நியூ கினித் தீவின் பப்புவாவுக்குச் சென்ற பயணங்களை இருவரும் தொடவே இல்லை. அங்கே கிராமங்களிலிருந்து அவர் எடுத்துவந்த பொருள்களைப் பற்றி அன்றே புகார் எழுந்தது.

பனிக்கடல்: அதற்குத் தனி இழை தொடங்குங்கள். நான் எழுதிய வரியை மாற்றப்போவதில்லை.

இருட்டறை: மாற்றும்வரை அதன் கீழே ஏப்ரல் 24 என்று எழுதிக்கொண்டே இருப்பேன்.