டிபி கிருமியால வர்ற நோய்தானே, டாக்டர் எதுக்கு பீடியைப் பத்தி கேக்குறாரு?

தக்காளி_மண்டி (பாலக்கோடு):
எங்க மாமாவுக்கு சளி டெஸ்ட்ல டிபின்னு வந்திருக்கு. மண்டியில பெட்டி தூக்குறாரு, நாளுக்கு ஒண்ணரைக் கட்டு பீடி. டாக்டர் எடுத்ததுமே "பீடி எத்தனை வருஷமா?"ன்னாரு. மாமா விடல, "டிபி கிருமியால வர்றதுங்க, பீடியில கிருமியா இருக்கு?"ன்னுட்டாரு. மண்டியில பீடி குடிக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்கணும், அத்தனை பேருக்குமா டிபி? இதையெல்லாம் எப்படிங்க கண்டுபிடிக்கிறாங்க?

ரிட்டயர்டு_ஹெச்ஐ (பென்னாகரம்):
தம்பி, கிருமி இல்லாம டிபி கிடையாது, மாமா சொன்னது சரி. ஆனா கிருமி புகுந்த எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. பலருக்கு உள்ளயே முடங்கிக் கிடக்கும். புகை நுரையீரலோட எதிர்ப்பைக் கெடுத்தா அது தலை தூக்கும்.

இது தமிழ்நாட்டுலயே பார்த்த விஷயம். சென்னையிலயும் விழுப்புரம் பக்கத்து கிராமங்கள்லயும் செத்துப்போன 43,000 ஆம்பளைங்களைப் பத்தி விசாரிச்சாங்க. உயிரோட இருந்த 35,000 ஆம்பளைங்களோட பழக்கத்தையும் எடுத்தாங்க. 2003ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. புகைக்காதவங்களை விட புகைச்சவங்க டிபியில சாகுறது நாலு மடங்குக்கு மேல. உயிரோட இருக்கறவங்க கணக்கு எதுக்குன்னா, உங்க மண்டியே உதாரணம். ஊர்ல எத்தனை பேர் பீடி குடிக்கிறாங்கன்னு தெரியாம, செத்தவங்கள்ல இத்தனை பேர் குடிச்சாங்கன்னு சொல்லி பிரயோஜனம் இல்ல.

விசாரிக்கிறதும் லேசு இல்ல. ஹெல்த் இன்ஸ்பெக்டரா நானும் சாவு விவரம் எழுதப் போயிருக்கேன். "நெஞ்சு வலி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. இருமல் எத்தனை நாள், உடம்பு இளைச்சுதா, சளியில ரத்தம் வந்துச்சான்னு ஒவ்வொண்ணா கேட்டாத்தான் விஷயம் வரும். பீடிக் கணக்கு மட்டும் வீட்டம்மாவுக்கு அத்துப்படி!

ஸ்டாட்ஸ்_வாத்தியார் (கிருஷ்ணகிரி):
ஹெச்ஐ சார், செத்தப்புறம் கேட்டா "பாழாப்போன பீடிதான்"னு அந்தம்மா கூட்டிச் சொல்ல மாட்டாங்களா? எனக்கு நம்பிக்கை, முதல்லயே கேட்டு வெச்சுட்டு காத்திருக்கிற முறையிலதான். 1951ல டோல், ஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பிரிட்டன் டாக்டர்களுக்கு தபால்ல கேள்வி அனுப்பினாங்க. 40,000க்கு மேல பதில் வந்துச்சு. யாருக்கு என்ன வரும்னு அன்னைக்கு யாருக்கும் தெரியாது. யார் எதுல சாகுறாங்கன்னு அப்புறம் 50 வருஷம் குறிச்சுட்டே வந்தாங்க. சிகரெட்டை விடாதவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. எல்லாருமே டாக்டர்ங்க, அதனால வறுமை, படிப்பில்லைன்னு தட்டிக் கழிக்கவும் முடியாது.

பரிசல்காரன் (ஒகேனக்கல்):
எங்க தாத்தா 88 வரைக்கும் சுருட்டு. போங்கப்பா.

ஸ்டாட்ஸ்_வாத்தியார்:
அவரு கூட உக்காந்து சுருட்டு குடிச்ச சேக்காளிங்க எத்தனை பேர் 88ஐப் பார்த்தாங்க? அந்தக் கணக்கையும் சொல்லுங்க.

ரிட்டயர்டு_ஹெச்ஐ:
வாத்தியார் சந்தேகம் நியாயம்தான். ஆனா மாரடைப்புல போனவங்க வீட்லயும் அதே மாதிரிதானே விசாரிச்சாங்க? கூட்டிச் சொல்றது மட்டும்தான் காரணம்னா அதுவும் நாலு மடங்கு ஏறியிருக்கணும். அது ரெண்டு மடங்கைக்கூட தொடல.

தக்காளி_மண்டி:
மாமாகிட்ட படிச்சுக் காட்டினேன். "ஒரு கட்டா குறைக்கிறேன்"னு பேரம் பேசுறாரு சார்.

ரிட்டயர்டு_ஹெச்ஐ:
பேரத்துக்கு மசியாதீங்க, முழுசா விடணும். மாத்திரையை நல்லா ஆயிடுச்சுன்னு நடுவுல நிறுத்த விடாதீங்க. வீட்ல அத்தை, பசங்க எல்லாரையும் ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்துடுங்க, இந்த வாரமே.