கீழத்தெரு சொந்தங்கள்: குளத்து எலும்பு

பெரியப்பா: ஐயனார் குளம் தூர்வாரையில எலும்பு வந்துருக்கு. ஆள் தொடை மாதிரி. ஜேசிபிய நிறுத்தியாச்சு

மாயவரம் அத்தை: ஐயையோ. கும்பாபிசேகத்துக்குப் பத்து நாள்கூட இல்லயே

மாமா: மனுசன்னா விஏஓகிட்ட சொல்லிடுங்க மச்சான்

அண்ணன்: 📷 இதப் பாருங்க. அந்தக் காலத்து ஆளுங்க 20 அடியாம்

நான்: அண்ணே, அது 2002ல ஒரு போட்டிக்காக கம்ப்யூட்டர்ல ஒட்டுன படம். நெசத்துல நம்ம மூதாதைங்க குட்டை. எத்தியோப்பியாவுல 1974ல கெடச்ச லூசிங்கிற எலும்புக்கூடு 32 லட்சம் வருசப் பழசு. மூணரை அடிதான், நம்ம பாப்பா ஒசரம். மூளை சிம்பன்சிக்கு இருக்குற அளவுதான். ஆனா ரெண்டு கால்ல நிமிந்து நடந்தவ! மொதல்ல நடந்தோம், மூளை அப்பறமாத்தான் பெருசாச்சு

சின்ன அத்தை: பாப்பா சாப்டுச்சா

அண்ணன்: அப்ப நம்ம குளத்துல லூசி தங்கச்சியா

நான்: இல்லண்ணே. நம்மூரு மேல்மண்ணு காவிரி கொண்டாந்து போட்ட வண்டல், சில ஆயிரம் வருசம்தான். சென்னைக்கிட்ட அத்திரம்பாக்கத்துல 15 லட்சம் வருசத்துக் கல்லாயுதம் இருக்கு, அங்ககூட செஞ்சவங்க எலும்பு கெடைக்கல. அவ்ளோ அரிது

பெரியப்பா, முட்டிப் பக்கம் ரெண்டு குமிழ் இருக்கும் பாருங்க. அத படிக்கட்டுல சமமா ஊனி நிறுத்துங்க. நிமிந்து நடக்குற பொறப்புக்கு எலும்பு சாஞ்சு நிக்கும், இடுப்புலேந்து உள்பக்கமா எறங்குறதால. லூசிக்கு முந்துன வருசம் அதே எடத்துல ஒரு முட்டி மட்டும் கெடச்சுது. அந்தச் சாய்வ வச்சுத்தான் நடந்தத கண்டுபுடிச்சாங்க

பெரியப்பா: நேராத்தான் நிக்குது. நல்ல கனம்

மாமா: மாடு

மாயவரம் அத்தை: அண்ணே, 77 புயல்ல செத்த மயிலக்காளைய அப்பா கெழக்குக் கரையிலதான பொதச்சாரு. நாவமரத்தடி

பெரியப்பா: ஆமாம்மா. கரை சரிஞ்சு உள்ள வந்துருக்கும். அப்பா மூணு நாள் சோறு திங்கல

மாயவரம் அத்தை: வண்டிய தானே இழுத்துட்டு வந்தாரு 😢

சின்ன அத்தை: அந்தக் கெழக்குக் கரைதான் பாகத்துல எனக்குன்னாரு அப்பா

மாமா: இப்ப எதுக்கு அது

சின்ன அத்தை: எப்ப பேசுறது பின்ன

நான்: எலும்பு எங்க பெரியப்பா

பெரியப்பா: சாக்குல சுத்தித் திண்ணையில வச்சிருக்கேன்

அண்ணன்: அங்கயே திரும்பப் பொதச்சிடலாம்

மாயவரம் அத்தை: பூசாரிய ஒரு வார்த்தை கேளுங்க

பெரியப்பா: அவரு திருவாரூர் போயிருக்காரு. ஜேசிபிக்கு மணிக்கணக்குல வாடக ஓடுது. மேலக்கரைய மட்டும் வெட்டச் சொல்றேன்